இல்லாத காமாலை

ஜெயித்துக்கொண்டிருந்த வழக்கை டாக்டர் மரகதம் என் கண்ணெதிரிலேயே தோற்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் ரகுபதி, ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் வக்கீல். அவருக்காக மருத்துவக் கவுன்சிலில் வாதாடப் போனவன்.

ஒரகடத்துக்குக் கம்பெனிகள் வரத் தொடங்கிய சமயத்தில் படப்பையில் கிளினிக் திறந்தவர் மரகதம். வாய் கொஞ்சம் நீளம். தெற்கத்திப் பையன்கள் ஊர்க்கோயில் கொடைக்குப் போக மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டு வருவார்கள். மற்ற கிளினிக்குகளில் அது சுலபமாகக் கிடைக்கும். இவரோ, "சாமி கும்பிடப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ. உனக்கு வராத காய்ச்சலை நான் எங்கேர்ந்து கொண்டாருவேன்?" என்று விரட்டுவார். வெளியே போய்க் கரித்துக்கொட்டுவார்கள். ஆனால் உடம்புக்கு நிஜமாகவே முடியாமல் போனால் இவரிடம்தான் வருவார்கள்.

அப்படிப்பட்டவர் 2011இல் ஒரே ஒரு பொய்ச் சர்டிபிகேட் எழுதினார். பாண்டிச்செல்வி என்ற பெண்ணுக்கு. சங்கரன்கோவில் பக்கம். செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, கம்பெனி ஹாஸ்டலில் தங்கல். அவளுக்கு உண்மையில் என்ன வந்தது என்று மரகதம் என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. நான் ஊகித்ததை இங்கே எழுதவும் மாட்டேன். அவள் சில வாரங்கள் படுத்தே இருக்க வேண்டியிருந்தது. உள்ளதை எழுதினால் சூப்பர்வைசர் படிப்பார், வார்டன் படிப்பார். அவள் ஊர்க்காரிகளே அதே ஹாஸ்டலில் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் அப்பா காதுக்குப் போயிருக்கும். அதற்குப் பிறகு அவள் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது.

மரகதம் 'மஞ்சள் காமாலை' என்று எழுதிவிட்டார். காமாலை என்றால் நம்மில் யாரும் துருவிக் கேட்பதில்லை. கீழாநெல்லியை அரைத்துக் குடி, மோர்ச்சோறு சாப்பிடு, படு என்பதோடு விட்டுவிடுவார்கள்.

கம்பெனி அப்படி விடுமா? அவர்களுக்குக் காமாலை என்றால் சாப்பாட்டிலோ தண்ணீரிலோ கோளாறு என்று அர்த்தம். படித்த டாக்டருக்கு இது தோன்றாமல் போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. தண்ணீர்த் தொட்டியைச் சோதித்தார்கள், லைனில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஒருத்திக்கும் காமாலை இல்லை. லீவு முடிந்து வந்த பாண்டிச்செல்வியின் ரத்தத்திலும் அது வந்துபோன சுவடு இல்லை. கம்பெனி டாக்டருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. பொய்ச் சான்றிதழ் கொடுத்ததாகக் கவுன்சிலுக்குப் புகார் போனது. நிரூபணமானால் பதிவை நிறுத்திவைப்பார்கள். அப்புறம் ஒரு காய்ச்சல் மாத்திரைகூட எழுதித்தர முடியாது.

என் வாதம் எளிமையானது. கண்ணையும் சிறுநீரின் நிறத்தையும் பார்த்து டாக்டர் முடிவு செய்தார், கணிப்பு தவறியிருக்கலாம், தவறுவது ஒழுங்கீனம் ஆகாது. இதைச் சொன்னபோது மரகதம் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. பெண்ணின் விஷயம் வெளியே வராமல் முடிந்தால் போதும் என்று இருந்தார்.

விசாரணை நாளன்று, அதற்குள் வேறு கம்பெனிக்கு மாறிவிட்ட பாண்டிச்செல்வி தானாகவே வந்து நின்றாள். "கண்ணெல்லாம் மஞ்சளாத்தான் கெடந்துச்சு சார். சோத்தைப் பார்த்தாலே கொமட்டும்" என்றாள். பொய்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

கம்பெனி அதிகாரிக்கு முகம் சுண்டிப்போனது. "அப்படின்னா எங்க கேன்டீன்லதான் கோளாறு. காய் நறுக்கிக்கிட்டிருந்த கன்னியம்மாவ வேலையை விட்டு எடுத்தது சரிதான்" என்றார்.

"யாரு கன்னியம்மா?" என்றார் மரகதம்.

பென்னலூர்க்காரப் பெண். காமாலைப் பேச்சு கிளம்பியதுமே, யாரையாவது வேலையை விட்டு நீக்கினால்தான் கம்பெனி கான்ட்ராக்ட் தன் கையில் தங்கும் என்று கேன்டீன்காரர் அவரை நீக்கியிருந்தார். கை சுத்தமில்லாதவர், காமாலை பரப்பியவர் என்ற பேச்சு பரவி, சுற்றுவட்டாரத்தில் எந்த கேன்டீனும் அவரைச் சேர்க்கவில்லை. மரகதம் இதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். எழுந்துவிட்டார்.

"உக்காருங்க டாக்டர்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை.

"காமாலை இல்லைங்க. நான் எழுதினது பொய். அந்தப் பொண்ணு என்னைக் காப்பாத்தணும்னு சொல்லுது, அவளை விட்டுடுங்க."

"அப்போ என்ன நோய்?" என்று தலைவர் கேட்டார். சொன்னால் தண்டனை குறையலாம் என்று ஜாடையாகவும் சொன்னார்.

"அதைச் சொல்ல மாட்டேன்."

பதிவு ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. உத்தரவு கைக்கு வந்த வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு பென்னலூர் போனார். கன்னியம்மா வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். மரகதம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார், அந்த ஒன்றைத் தவிர. கன்னியம்மா ஈரக்கையோடு நின்று கேட்டார்.

"அந்தப் பொண்ணு இப்போ நல்லா கீதா?"

"நல்லா இருக்காம்மா."

"உனுக்கு எத்தினி மாசம் போட்டாங்க?"

"ஆறு."

"ஆறு மாசம் போனா நீ மறுபடியும் டாக்டரு. எனுக்கு எத்தினி மாசம்மா?"

 

அதன்பிறகு டாக்டரம்மா உத்தரவின் நகலைத் தூக்கிக்கொண்டு கேன்டீன் கேன்டீனாக ஏறி இறங்கினார். "பொய் எழுதினது நான். அந்தம்மா கை சுத்தம்" என்று சொல்வார். சிலர் டீ கொடுத்து அனுப்பினார்கள், சிலர் கேட்டிலேயே திருப்பினார்கள். ஆறு மாதம் முடிந்தது. நோயாளிகள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். நான் நேரில் போய்ச் சத்தம் போட்டேன்.

"காலம் முடிஞ்சாச்சு டாக்டர், திறந்து தொலைங்க!"

"எனக்கு முடிஞ்சிடுச்சு சார். அந்தம்மாவுக்கு முடியலையே."

வல்லம் பக்கத்தில் ஒரு கேன்டீன் கன்னியம்மாவைக் காய் நறுக்கச் சேர்த்துக்கொள்ள மேலும் சில மாதங்கள் ஆயின. அவர் வேலைக்குப் போன முதல் நாள், மரகதம் கிளினிக்கைத் திறந்தார்.