காலுக்குத் தெரிந்த கல்

பாபநாசத்துக்குத் தெற்கே ஏரிக்கரையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. இங்கே கோடை விடுமுறை என்றால் முதலில் மாம்பழம், அடுத்தது மதுரம். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்து இறங்கும் பிள்ளைகள் பையைக் கூடத்தில் வீசிவிட்டு நேரே அவள் வீட்டுக்குத்தான் ஓடும். ஐம்பதைத் தாண்டியவள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அத்தை. வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தால் அதைப் பாதியில் விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவாள்.

குளிப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். மாடு இறங்கும் சரிவில் அவள்தான் முதலில் இறங்குவாள், அதுவும் பின்னால் நடந்து. கைகளை விரித்து, முகம் கரையைப் பார்த்தபடி, ஒவ்வோர் அடியாக. உள்ளே ஓரிடத்தில் அவள் குதிகால் ஒரு கல்லில் இடிக்கும். அங்கே நின்றுகொள்வாள். அவளுக்கும் கரைக்கும் நடுவில் பிள்ளைகள் என்ன கூத்தடித்தாலும் சரி. அத்தையைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தக் கல்லை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. தண்ணீர் இருக்கும்போது கலங்கலில் தெரியாது, வறண்ட காலத்தில் சேற்றுக்குள் புதைந்திருக்கும். நடுவில் ஒரு குதிகால் அளவுக்குக் குழிந்திருக்கும், இடது ஓரம் உடைந்திருக்கும். அவள் காலுக்குத் தெரிந்தது அவ்வளவே.

போன சித்திரையில் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வண்டல் மண் அள்ளிக்கொள்ள அனுமதி கிடைத்ததும் ஊரே டிராக்டர் பிடித்து அள்ளியது. கொல்லையில் கத்தரி போட மதுரமும் மண் கேட்டிருந்தாள். மண் வந்த அன்று அவள் தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். திரும்பி வந்தால் கொல்லையில் கறுப்பு மண் குவிந்திருந்தது. மண்ணோடு வந்த ஒரு கல்லையும் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். அதன்மேல் தண்ணீர் வாளியை வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் மேட்டூரை மே மாதமே திறந்துவிட்டார்கள். பள்ளி திறப்பதற்கு முன்பே வாய்க்காலில் தண்ணீர் வந்தது, ஏரி ததும்பியது. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை.

மதுரத்தின் அண்ணன் மகள் ஹம்சத்வனி சென்னையிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய ஏழு வயது மகள் அம்ருதாவும், ஆடு மேய்க்கும் மூஸாவின் மகன் அஸாரும், இன்னும் சில பிள்ளைகளுமாக அன்று காலை கரைக்குப் போனார்கள்.

"வரட்டுமா அத்தை?" என்று ஹம்சத்வனி கேட்டதற்கு, "நீ தூங்கு. வருஷத்துக்கு ஒரு வாரம் லீவு, அதையும் ஏன் கெடுத்துக்கறே?" என்று சொல்லிவிட்டு மதுரம் போனாள்.

மூஸா கரையில் நின்று, கொக்கி கட்டிய மூங்கில் துறட்டியால் கருவேலங்காய் உலுக்கி ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா வண்டிக்கு ரிவர்ஸ் கியர் மட்டும்தான்!" என்றான்.

"முன்னால நடந்தா உம் மகன் பண்ற அழிச்சாட்டியத்தை யாருடா பார்க்கறது?" என்றாள் மதுரம், தண்ணீரில் பின்னால் நடந்தபடி. "டேய் அஸார், என்னைத் தாண்டினா ஆமை கடிக்கும்."

"ஆமைக்குப் பல்லே கிடையாது அத்தை."

"யாரு சொன்னது?"

"யூடியூப்ல பார்த்தேன்."

"அப்ப யூடியூப்பையே கூட்டிட்டு வந்து குளி, போ."

பிள்ளைகள் சிரித்தன. மதுரம் குதிகாலால் துழாவினாள். கல் இல்லை. வண்டல் மூடியிருக்கும் என்று நினைத்து இன்னும் ஓர் அடி வைத்தாள். காலுக்கடியில் சேறு வழுக்கியது. மறு அடிக்குத் தரையே இல்லை.

விரித்த கைகளோடு அப்படியே மல்லாந்து மறைந்துபோனாள்.

பிள்ளைகள் கைதட்டின. அத்தை விளையாட்டுக் காட்டுகிறாள் என்றுதான் நினைத்தன. ஒரு கை மேலே வந்து உள்ளே போனது. அத்தை இருக்கும் இடம் வரைக்கும் போகலாம் என்பதுதானே சட்டம்? அம்ருதா சிரித்துக்கொண்டே அந்தக் கையைப் பார்த்து நடந்தாள். அவளும் மறைந்தாள்.

கத்தியது அஸார். "வாப்பா! அம்ருதாவைக் காணோம்!"

மூஸா துறட்டியோடு தண்ணீரில் பாய்ந்தான். பள்ளத்தின் விளிம்பைக் கால் உணர்ந்ததும் நின்று, மூங்கிலை உள்ளே நீட்டினான். அடியில், தன் தோளில் ஒரு சின்னக் கால் உதைப்பதை மதுரம் உணர்ந்திருக்கிறாள். அந்தக் காலைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி மேலே தள்ளினாள். குழந்தையின் தலை வெளியே வந்தது. மூஸா தலைமயிரைப் பற்றி இழுத்து அவளை அஸாரிடம் தள்ளினான். அடுத்த முறை துறட்டியின் கொக்கி மதுரத்தின் சேலையில் மாட்டியது.

கரையில் போட்டபோது அம்ருதா வாந்தி எடுத்துவிட்டு வீறிட்டாள். மதுரம் இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள்.

"கைகாலை அடிச்சு மேல வர வேண்டியதுதானேக்கா?" என்று மூஸா கேட்டான்.

"எனக்கு நீச்சல் தெரியாதுடா."

இத்தனை வருடமாக ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவளை நம்பித்தான் தண்ணீரில் இறங்கின. அவளுக்கு நீந்தத் தெரியுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. நடக்கத் தெரிந்தது போதும் என்று அவளும் இருந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மதியம் ஹம்சத்வனி, அம்ருதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மதுரத்தின் கொல்லைக்கு வந்தாள். துறட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தை அளந்துவிட்டு மூஸாவும் வந்தான்.

"ஒரு ஆள் மூழ்குற ஆழம்க்கா. டிராக்டர் இறங்கத் தோதா இருக்குன்னு அந்தச் சரிவுலயே வெட்டியிருக்கானுங்க. நாம நடு ஏரியில வெட்டினதா நினைச்சிட்டு இருந்தோம்."

ஹம்சத்வனிக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "நீச்சல் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அத்தை? நான் தூங்கிட்டு இருந்தேன். நீங்க இருக்கீங்கன்னு நிம்மதியாத் தூங்கிட்டு இருந்தேன்!"

ஹம்சத்வனி ஒவ்வோர் அடியாக முன்னால் வர, மதுரம் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனாள். வாளி தட்டிக் கவிழ்ந்தது. தண்ணீர் கத்தரிப் பாத்தியில் ஓடியது. இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தாள்.

குதிகால் ஒரு கல்லில் இடித்தது.

மதுரம் நின்றுவிட்டாள். காலை மெல்ல நகர்த்தினாள். நடுவில் குழி. குதிகால் அதற்குள் பொருந்தி உட்கார்ந்தது. விரல்களை இடது பக்கம் கொண்டுபோனாள். உடைந்த ஓரம்.

அவள் முகத்தைப் பார்த்த ஹம்சத்வனி பேச்சை நிறுத்தினாள். "என்ன அத்தை?"

"இது இங்க இருக்கு" என்றாள் மதுரம்.

"எது?"

"நான் நிக்கற கல்லு." கவிழ்ந்து கிடந்த வாளியைப் பார்த்தாள். "தினமும் பார்த்துட்டுத்தான் இருந்தேன். இதுதான்னு தெரியலையே." கத்தரிப் பாத்தியைக் காட்டினாள். "மண்ணு வேணும்னு கேட்டது நான்தான் ஹம்சா. அந்தப் பள்ளத்து மண்ணுதான் இது."

மூஸா குனிந்து கல்லைப் பார்த்தான், பிறகு அவள் காலைப் பார்த்தான். ஹம்சத்வனி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவின் தோளிலிருந்து அம்ருதா எட்டிப் பார்த்தாள். கல்லின் மேல் நிற்கும் அத்தையைப் பார்த்தால் அவளுக்கு என்ன தோன்றும்? "அத்தை நின்னுட்டாங்க. இறங்கட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

மதுரத்தின் கைகள், பழக்கத்தில், பாதி விரிந்தன. சட்டென்று அவற்றை இழுத்து மார்போடு கட்டிக்கொண்டாள்.