அந்தோணியார் பேரில் ஓடிய பஸ்

மாஸ்டரின் பச்சைக்கொடியைத்தான் முதலில் சொல்லவேண்டும். மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து ரயில் ஸ்டேஷன் என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெஞ்சு, ஒரு டிக்கெட் ஜன்னல், அவ்வளவுதான். அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர், ரயில் வந்து நின்றதும் கொடியை ஆட்டிவிடமாட்டார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே வரும் ஒற்றையடிப் பாதையைப் பார்ப்பார். தூரத்தில் ஒரு பெண் மூட்டையும் பிள்ளையுமாக ஓடி வந்தால், அவள் ஏறும்வரை கொடி கக்கத்திலேயே இருக்கும். முதல் வகுப்பில் இருக்கும் வெள்ளைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சாலையோரம் என் மோட்டார் பஸ்ஸில் உட்கார்ந்தபடி நானும் பார்ப்பேன். எனக்கு வயிறு எரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பின்பாதி அது. நான் தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்தவன். தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டிச் சேர்த்த காசோடு மனைவியின் நகையையும் போட்டு ஒரு பழைய லாரியை வாங்கி, பலகை அடித்துப் பஸ்ஸாக்கி, பக்கத்து ஊரான காம்பாருக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். டயர் வெடித்தால் நான்தான் அழவேண்டும். ரயிலுக்கு அந்தக் கவலை கிடையாது. எங்கள் ஸ்டேஷனில் ஏறுகிறவர்கள் கொடுக்கும் காசு கரிக்குக்கூடக் காணாது. குறைவதையெல்லாம் சர்க்கார் தன் கையிலிருந்து போட்டது. ஒருநாள் மாஸ்டரிடமே கேட்டுவிட்டேன்.

“ஒரு ஆளை ஏத்த இவ்ளோ பெரிய ரயிலா மாஸ்டர்? சர்க்கார் காசு வீண்தானே லா?”

அவர் கோபப்படவில்லை. “ஓம் தம்பி, நட்டம்தான். உங்கட பஸ் ஆள் சேர்ந்தால்தான் வெளிக்கிடும். இது ஒரு ஆள் எண்டாலும் வெளிக்கிடும். அதுக்குத்தானே சர்க்கார் காசு போடுது” என்றார்.

சொன்னது உண்மை. பஸ் நிறையாமல் நான் கிளம்பியதே இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாலும், இன்னும் நாலு பேர் வரட்டும் என்று பீடியைப் பற்றவைப்பேன். ஆனால் பொறாமைக்காரனுக்கு உண்மை என்பது புண்ணில் உப்பு மாதிரி. கங்காணியிலிருந்து ரப்பர் பால் வெட்டும் பெண்கள் வரை அவரைக் கண்டால் ஒதுங்கி வழிவிட்டார்கள். என்னோடு கோலிக்குண்டு ஆடியவர்கள் என்னை “டேய் பஸ்ஸு” என்றார்கள். வீட்டிலும் மாஸ்டர் புராணம்தான். “அவரு எவ்ளோ பொறுமையா பேசறாரு, நீங்களுந்தான் இருக்கீங்களே” என்பாள் என் மனைவி. அவள் வைக்கும் ரசம் அன்றைக்கு எனக்குக் கசக்கும்.

ஒரு சனிக்கிழமை மாஸ்டர் தாமாகவே என் பஸ் அருகே வந்தார். வருகிற திங்கள் முதல் ஒரு வாரம் அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்து, ஏறுகிறவர்களை எண்ணப்போகிறார், ஆள் போதவில்லை என்றால் சர்க்கார் இனி இந்த ஸ்டேஷனுக்குக் காசு போடாது, மூடிவிடுவார்கள் என்றார். அவர் முகத்தில் கவலை தெரிந்தது. எனக்கு உள்ளே தேன் சொட்டியது.

அந்த ஒரு வாரம் ரயிலுக்கு வருகிறவர்களை என் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும். ஆனால் சும்மா இலவசமாக ஏற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கிறேன், ஒரு வாரம் காசு வாங்காமல் பஸ் ஓட்டப்போகிறேன் என்று அறிவித்தேன். நேர்த்திக்கடன் என்று ஒருவன் நீட்டுவதை எங்கள் தோட்டத்தில் யாரும் மறுக்கமாட்டார்கள். மாரியம்மன் கூழை வேதக்காரர்களான நாங்கள் குடிப்போம், அந்தோணியார் ரொட்டியை இந்துக்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்பார்கள். மறுத்தால் நேர்ந்தவனுக்கும் ஆகாது, மறுத்தவனுக்கும் ஆகாது.

“எப்ப நேந்தீங்க? எனக்குத் தெரியாம?” என்றாள் மனைவி.

“ஆம்பளைக்கு ஆயிரம் வேண்டுதல் இருக்கும், போ லா” என்றேன்.

திங்கட்கிழமை அதிகாரி பெஞ்சில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். ரயிலுக்கு வந்த பெண்கள் சிலர் என் பஸ்ஸையும் ஸ்டேஷனையும் மாறி மாறிப் பார்த்துத் தயங்கினார்கள். ஸ்டேஷனை மூடலாமா என்று ஆள் எண்ணுவது அவர்களுக்கும் தெரியும். ஒருத்தி மாஸ்டரிடமே போய், “ரயில்ல ஏறவா, பஸ்ல ஏறவா, நீங்களே சொல்லுங்க மாஸ்டர்” என்றாள். அவர் ஒரு கணம் அதிகாரியின் நோட்டைப் பார்த்தார்.

“நேர்த்தி எண்டு சொல்லிப்போட்டார். மறுக்கக்கூடாது. பஸ்ஸிலயே போங்கோ பிள்ளை” என்றார்.

அந்த வாரம் முழுவதும் அவரே என் பஸ்ஸை நிரப்பினார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் ரயிலேறியிருப்பார்கள். நான் எண்ணியதைவிட என் காரியம் சுலபமாக முடிந்தது. அந்தச் சுலபம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஸ்டேஷனை மூட உத்தரவு வந்தது. மாஸ்டரை வடக்கே எங்கோ மாற்றினார்கள். அவர் கிளம்பிய நாளில் ஐந்து லயமும் பிளாட்பாரத்தில் நின்றது. அத்தனை பேர் அங்கே ஒருநாளும் ஏறியதில்லை. அழுதார்கள், மாலை போட்டார்கள். என் மனைவி பலகாரம் கட்டிக்கொண்டு போயிருந்தாள். நான் போகவில்லை. ஆள் இல்லாத பஸ்ஸின் அருகே நின்றேன். எனக்கு இப்படி யார் அழுவார்கள் என்று அப்போதும் கணக்குப் போட்டது என் புத்தி.

மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாலையைக் கடந்து என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, உங்கட நேர்த்தி நிறைவேறிச்சுதோ?”

“நிறைவேறிருச்சு மாஸ்டர்” என்றேன்.

“நல்லது. அதுதான் வேணும்” என்று சொல்லிவிட்டுப் போய் ரயிலேறினார்.

இன்று அந்தச் சாலையில் என் பெயரில் மூன்று பஸ்கள் ஓடுகின்றன. ஸ்டேஷன் இருந்த இடத்தில் லாலான் புல் மண்டிக்கிடக்கிறது. எனக்குப் போட்டி யாரும் இல்லை. எல்லாம் தெரிந்துதான் அவர் அப்படிக் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. தெரியாமல் கேட்டிருந்தால் நான் பாவி. தெரிந்தே கேட்டிருந்தால், அப்படி ஒரு மனசு அவருக்கு இருந்ததே என்று இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது.