சாட்சிக்குப் போன வெண்பட்டு

கமலவல்லி போய்விட்ட செய்தியை என் கணவர்தான் கொண்டுவந்தார். குழந்தை கோதைக்குக் காய்ச்சிய ஜலத்தை ஆற்றிக்கொண்டிருந்தேன். "உன் சிநேகிதி, வக்கீல்... பட்டணத்துல ஜுரத்துல தவறிட்டாளாம்" என்று சொல்லி, என்னைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியது. நான் ஜுரத்தில் கிடந்தபோது கலங்கியதாக நினைவில்லை.

குழந்தைக்கு அம்மை வார்த்திருந்ததால் தாமதமாக எழுதுகிறேன். கல்லூரித் தோழிகள் நீங்கள் எல்லோரும் அவள் நினைவாக எழுதி முடித்துவிட்டீர்கள். ரசாயன வகுப்பில் அவள் என் விடையைப் பார்த்து எழுதியவள் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாயப் பட்டறை வந்தது. சீமைச் சாயமும் திராவகமும் கலந்த கழிவு வாய்க்காலில் ஓடி எங்கள் கிணற்றில் ஊறியது. கோதைக்கு உடம்பெல்லாம் சிரங்கு. கமலவல்லி வந்தாள். கிணறு கெட்டதென்று ஒருவர் சாட்சி சொன்னால் பட்டறை மேல் வழக்கு நிலைக்கும் என்றாள். என் மாமனார் அந்தக் கிணற்றிலிருந்துதான் கோயிலுக்குத் தீர்த்தம் எடுத்துப்போவார்.

"பெருமாள் திருமஞ்சனத்துக்குப் போற தீர்த்தம்மா. அதை விஷம்னு நானே கூண்டேறிச் சொல்லவா?"

"வேண்டாம் மாமா. சொன்னா நாளைக்கே அந்தக் கைங்கரியம் பக்கத்தாத்துக்குப் போயிடும்" என்றாள் கமலவல்லி.

என்னிடம் ஒருநாளும் இறங்கிப் பேசாத மாமனார் அவளுக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

காப்பியை நீட்டிக்கொண்டே என் குறையைச் சொன்னேன். கோதையின் ஆண்டு நிறைவுக்கு எடுத்த வெண்பட்டுப் பாவாடை, அந்தக் கிணற்று ஜலத்தில் அலசியே இளஞ்சிவப்பாகிவிட்டது. கூட அலசிய மல் துணி வெள்ளையாகவே இருக்கிறது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, திராவகத்தோட சேர்ந்தா அந்தச் சாயம் பட்டைப் பிடிக்கும், பருத்தியை விட்டுடும். நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தே?"

சொல்லிக்கொடுத்தவள் நான். நான் கறை என்று பார்த்ததை அவள் சாட்சி என்று பார்த்தாள்.

முன்சீப் கோர்ட்டு உத்தரவின்படி, அமீனா முன்னிலையில் புது வெண்பட்டு நூல் ஒரு கழியைக் கிணற்றில் ஊறவைத்தார்கள். அது சிவந்து வந்தது. எதிர்க்கட்சி வக்கீல், "அம்மா கல்யாணப் புடவைக்கு நூல் வாங்கிண்டு வந்திருக்காப் போல" என்றாராம். "ஆமாம் சார். சாயம் மட்டும் உங்க கட்சிக்காரர் இனாமாப் போட்டுக் கொடுத்தார்" என்றாளாம் இவள். என் கணவர் இதைச் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

பட்டறைக் கழிவு நின்றது. கிணற்றை இறைத்து, புண்ணியாகவாசனம் செய்து, மாமனாரே மறுபடி தீர்த்தம் எடுத்தார். "பட்டுக்குக் கைங்கரியமும் கிடையாது, பந்துவும் கிடையாது. பட்டதைச் சொல்லும்" என்பாள் கமலவல்லி. கோதை அவளை ஜலச் சித்தி என்று அழைத்தாள். நான் மட்டும் ஜலத்தைக் காய்ச்சிக்கொண்டே இருந்தேன். "என் தீர்ப்பை விட உன் அடுப்பைத்தான் நம்பறே" என்று கேலி செய்வாள். அது உண்மைதான்.

செய்தி வந்த அன்று, ஆற்றிய ஜலத்தைக் கொட்டிவிட்டுக் கிணற்றில் சேந்திக் கொடுத்தேன். கோதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "ஜலச் சித்தி எப்போ வருவா?" என்றாள்.

அந்தப் பாவாடை என் பெட்டியில் இருக்கிறது. கோதைக்கு இனி அது பற்றாது. ஊர் அதை அவள் ஜெயித்த பட்டு என்று சொல்லட்டும். அதன் கறையை முதலில் பார்த்தவள் நான். அதையும் சேர்த்துத்தான் மடித்து வைத்திருக்கிறேன்.