போ என்று ஆட்டிய கை

அன்றைக்குக் கம்பெனியில் இருந்தவர்கள்: வெடிமருந்து வேலை பார்க்கும் பெண்கள் பதினோரு பேர், கேட்டில் வாட்ச்மேன், நான். போர்மேன் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குக் கோவில்பட்டி போயிருந்தார். முதலாளி ஆர்டர் பேச சிவகாசி போயிருந்தார். ஆகத் தரையில் பதிமூன்று பேர். வானத்தில் இரண்டு பேர். அந்த இரண்டு பேரை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

எண்ணுவதுதான் என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதற்கு மேல் கணக்கு வராது. ஆனால் பதினொன்று வரை எண்ண எந்த வாத்தியாரும் எனக்கு இணையில்லை. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தச் சின்னப் பட்டாசுக் கம்பெனிக்கு நான் சாத்தூரிலிருந்து சூப்பர்வைசராக வந்து பல வருஷமாகிறது. காலையில் வேனிலிருந்து இறங்கும்போது எண்ணுவேன். டீக்கு எண்ணுவேன். சாப்பாட்டுக்கு எண்ணுவேன். சாயங்காலம் வேன் கிளம்புமுன் ஒரு தடவை, கிளம்பிய பிறகு ஜன்னல் வழியாக ஒரு தடவை. பதினொன்று பதினொன்றாகவே வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்கு உலகத்தில் இருக்கிற கவலை அது ஒன்றுதான். அதுவே இரண்டு ஆளுக்குப் போதும்.

"பாய், நேத்தும் பதினொண்ணு, இன்னைக்கும் பதினொண்ணு. குட்டி போடுற வயசெல்லாம் எங்களுக்குத் தாண்டிப்போச்சு" என்று கேலி செய்வாள் மூத்தவள். எல்லோரும் அவளை அக்கா என்பார்கள். மருந்து உருட்டுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது.

எங்கள் யார்டில் ஒரு வார்த்தையை யாரும் சொல்ல மாட்டார்கள். 'ஓடு' என்கிற வார்த்தை. தியேட்டரில் படம் 'போகுது' என்பார்கள். கடிகாரம் நின்றால் 'நிக்குது' என்பார்கள், ஓடவில்லை என்று சொல்ல மாட்டார்கள். எவளாவது ஒருத்தி எவனோடாவது வீட்டை விட்டுப் போனால்கூட 'போயிட்டா'தான். அந்த ஒரு வார்த்தையை ஒரே ஒரு நாளுக்காக எடுத்து வைத்திருக்கிறோம். அது காதில் விழுந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல், கேட்டுக்கு வெளியே இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட வேண்டும். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்றெல்லாம் கேட்கக் கூடாது.

இப்போது வானத்து ஆட்களுக்கு வருகிறேன்.

கம்பெனி நிலம் பக்கத்து ஊர் பெரிய வீட்டுக்காரர்களுடையது. முதலாளி குத்தகைக்கு எடுத்திருக்கிறார். அந்த வீட்டு மகன் வளைகுடா நாட்டில் பெரிய விமானம் ஓட்டுகிறவர். ஊரில் எல்லோரும் கேப்டன் என்பார்கள், முதலாளி மட்டும் கேப்டன் சார் என்பார். அவரும், அதே வேலை பார்க்கும் சென்னைக்கார நண்பரும் பணம் போட்டு இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்று வாங்கினார்கள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் பருத்தி போட்ட கரிசலை உருளை விட்டுத் தட்டிப் பாதையாக்கி, தகரக் கொட்டகை போட்டு அதை உள்ளே நிறுத்தினார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கக் கம்பில் ஒரு துணிப்பையைக் கட்டியிருந்தார்கள். கரிசல்காட்டுக்காரன் மகனுக்குக் காற்று தெரியப் பை வேண்டியிருந்தது.

லீவுக்கு வந்த முதல் நாள் இரண்டு பேரும் எங்கள் ஆபீசுக்கு டீ குடிக்க வந்தார்கள். உடம்பு முழுக்க ஜிப் வைத்த பச்சை உடுப்பு, கறுப்புக் கண்ணாடி. அறைக்குள்ளும் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"பெரிய பிளேன்ல நாங்க எங்க பாய் ஓட்டுறோம்? ஏறுனதும் பட்டனைத் தட்டி விட்டா அதுபாட்டுக்குப் போகும். எட்டு மணி நேரம் முறுக்கத் தின்னுட்டு உக்காந்திருக்கணும்" என்றார் கேப்டன்.

"பறக்குறோம்ங்கிற நெனப்பே மறந்துபோச்சு. இதுல ஏறுனாத்தான் வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது" என்றார் நண்பர்.

முதலாளி வாழைப்பழச் சீப்பை அவர்கள் பக்கம் நகர்த்தி, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பட்டன் வைத்த சைக்கிள்கூட ஓட்டாதவர்.

முந்நூறு பேர் பின்னால் உட்கார்ந்து இவர்களை நம்பித் தூங்குகிறார்கள். இவர்களுக்குக் குறை என்னவென்றால், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். வயிற்றுக்குள் என்னமோ பண்ண வேண்டுமாம். எனக்குக் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துச் சாயங்காலம் வரை பண்ணுகிறது. அதற்கு யாரும் ஒரு பைசா கேட்டதில்லை. இவர்கள் லட்சக்கணக்கில் கொட்டி அதை வாங்கியிருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே இரண்டாவது டீ ஊற்றிக் கொடுத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மேடையில் மணி மருந்து காய்ந்துகொண்டிருந்தது. வானத்தில் போய் நிறம் நிறமாகச் சிதறுகிறதே, அந்த உருண்டைகள். மிளகு அளவுதான், காயும்போது அதன் பக்கத்தில் நான் தும்மக்கூட மாட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம் கிளம்பி எங்கள் தலைக்கு மேலே வந்தது. பத்துப் பெண்கள் அறைகளிலிருந்து வெளியே வந்து பார்த்தார்கள். அக்கா மட்டும் உள்ளே இருந்தாள். கலந்த மருந்தை மூடாமல் எழுந்திருக்க மாட்டாள்.

விமானம் தாழ வந்து போனதில் மேடையில் புழுதி அடித்தது. பெண்கள் பத்துப் பேரும் கையைத் தலைக்கு மேலே தூக்கி, அங்கன போ, அங்கன போ என்று ஆட்டினார்கள். காட்டில் மாட்டை விரட்டுகிற அதே கை. நானும் ஆட்டினேன்.

அவர்கள் போனார்கள். போய்த் திரும்பினார்கள். இந்தத் தடவை இன்னும் தாழ்வாக. மேடைக்கு நேர் மேலே வரும்போது இன்ஜின் சத்தம் குறைந்தது, இழுத்தது, பிறகு 'டப்' என்று வெடித்தது.

எனக்கு அது மேலேயா கீழேயா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் நிற்கவும் இல்லை. எடுத்து வைத்திருந்த வார்த்தையை எடுத்துவிட்டேன்.

"ஓடு."

பத்துப் பேரும் ஓடினார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் எண்ணினேன். பத்து. திரும்ப எண்ணினேன். பத்து. வாட்ச்மேன் "பாய், நில்லுங்க" என்று சட்டையைப் பிடித்தார். உதறிவிட்டு உள்ளே போனேன். அவள் அறையின் பின்வாசல் படிக்குக் கீழே, வாய்க்காலில், அக்கா உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு போக வேண்டிய திசையில் இல்லை.

"மருந்த மூடிட்டேன் பாய்" என்றாள். பிறகு, "எங்கன வெடிச்சது?" என்றாள்.

எங்கும் வெடிக்கவில்லை. மேலே பார்த்தேன். அவர்கள் இறக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, டாட்டா சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சாத்தூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்டு, அவளை வீட்டில் விட்டுவிட்டு, சாயங்காலம் தகரக் கொட்டகைக்குப் போனேன். இரண்டு பேரும் விமானத்தைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க பாய், இதப் பாருங்க" என்று கேப்டன் போனை நீட்டினார். நண்பர் மேலேயிருந்து எடுத்த வீடியோ. எங்கள் யார்டு தீப்பெட்டி அளவில் கிடந்தது. பத்துப் பெண்களும் கையை ஆட்டினார்கள். நடுவில் நானும்.

"எம்புட்டு சந்தோஷமா கையாட்டுறாங்க பாருங்க. அதான் ஒங்களுக்காக இன்னொரு ரவுண்டு வந்தோம். என்னமோ கத்துறாங்களேன்னு, கேக்கலாம்னுதான் இன்ஜினக் கொறச்சேன். கொறச்சா அது 'டப்'புனு ஒரு சத்தம் போடும்."

"அது கையாட்டுனது இல்ல கேப்டன். போன்னு சொன்னது."

அவர் இன்னொரு தடவை வீடியோவைப் பார்த்தார். விரட்டுகிற கைக்கும் கூப்பிடுகிற கைக்கும் வித்தியாசம் மேலேயிருந்து தெரியாது போலிருக்கிறது. மாடுகளுக்குத் தெரிகிறது.

நான் அக்கா கையைப் பற்றிச் சொன்னேன். ஐயோ பாவம் என்றார். வருத்தம் உண்மையாகத்தான் இருந்தது. அரை நிமிஷம் இருந்தது. பிறகு நண்பர் போனை வாங்கி மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாரும் ஒண்ணா ஓடுறாங்களே. யாரு ஓடச் சொன்னது?"

"நான்தான்."

"அப்ப பாய், நாங்க விழச் சொல்லலையே. நீங்கதான கத்துனீங்க."

அதைத்தான் நான் ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து எனக்குள்ளே கேட்டுக்கொண்டு வந்தேன். ஆனால் நான் கேட்டுக்கொள்வது வேறு, கறுப்புக் கண்ணாடி போட்டவர் கேட்பது வேறு.

கேப்டன் நியாயஸ்தர் மாதிரி கையைக் காட்டி நண்பரை அடக்கினார். "விடுறா. பாயும் நானும் ஆளுக்குப் பாதி. செலவெல்லாம் எழுதிக் குடுங்க பாய், எம் பாதிய நான் தந்துர்றேன்."

புஸ்வாண லேபிளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி மூவாயிரத்து எண்ணூறு. ஆட்டோ அறுநூறு. முப்பத்தாறு நாள் கூலி, நாளுக்கு நானூற்றி இருபது, பதினையாயிரத்து நூற்றி இருபது. மொத்தம் பத்தொன்பதாயிரத்து ஐந்நூற்றி இருபது. அவர் லேபிளைத் திருப்பி, படத்தை ரசித்து, ஜிப் ஒன்றைத் திறந்து உள்ளே வைத்தார். அத்தனை ஜிப்பில் எந்த ஜிப் என்று அவருக்கே இப்போது தெரியாது என்று நினைக்கிறேன்.

முதலாளியிடம் சொன்னேன். "குத்தகை அடுத்த வருசம் புதுப்பிக்கணும் பாய். நீங்க போய் பெரிய வீட்டுல வாயக் கொடுத்துறாதீக" என்றார். அன்றைக்கு வேலை நின்றதில் கெட்டுப்போன மருந்துக்கு மட்டும் நஷ்டம் நஷ்டம் என்று ஒரு வாரம் புலம்பினார்.

கேப்டன் லீவு முடிந்து போய்விட்டார். போன மறுநாள் என் போனுக்கு இரண்டாயிரம் ரூபாய் வந்தது. கூடவே குட்டி விமானப் படம் ஒன்று. வீடியோவை அவர் எல்லோருக்கும் போட்டிருக்கிறார், வாட்ச்மேன் காட்டினார். 'எங்க ஊர் மக்கள் தந்த வரவேற்பு' என்று மேலே எழுதியிருந்தது.

கட்டுப் பிரித்த பிறகும் அக்காவால் உருட்ட முடியவில்லை. லேபிள் ஒட்டுகிறாள்; அதற்குக் கூலி குறைவு. "நீங்க கத்துனதுதான் பாய் சரி. நெசமா வெடிச்சிருந்தா?" என்கிறாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூடுதலாக ஒரு தடவை எண்ணத் தோன்றுகிறது.

என் பாதியை இரண்டு தவணையாக அவள் கையில், இடது கையில், கொடுத்துவிட்டேன். கேப்டன் கொடுத்த இரண்டாயிரத்தையும் அப்படியே கொடுத்தேன். அவர் பாதியில் பாக்கி ஏழாயிரத்து எழுநூற்றி அறுபது ரூபாய்.