தளம் போடும் நாளில் என் தலை

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். என் தலைவலி மட்டும் தெருவுக்கே தெரியும். எனக்கு வலித்தால் மழை வரும். காற்றில் ஈரம் ஏறியதும் இடது பொட்டில் ஆரம்பிக்கும். பிறகு கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து யாரோ அம்மி கொத்துவார்கள். வேங்கிக்காலில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் தெருவில் இதைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதில்லை, ஹவுஸ் ஓனர் அக்காவின் வடகம் தப்பிக்கும்வரை.

அன்று வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, "அக்கா, வடகத்த எடுத்துடுங்க, தலை பிளக்குது" என்றேன். சிரித்துக்கொண்டேதான் எடுத்தார். சற்று நேரத்தில் கொட்டித் தீர்த்தது. அவ்வளவுதான், என் மண்டை பொதுச்சொத்தாகிவிட்டது.

மிளகாய் காயவைப்பவர்கள், போர்வை ஊறவைப்பவர்கள் எல்லாரும் ஜன்னலில் வந்து, "தலை எப்டிங்க இருக்கு?" என்று கேட்பார்கள். நான் ஒரு மண்டு. அக்கறை என்று நினைத்து எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று விவரமாகச் சொல்வேன். முதல் வார்த்தையிலேயே ஆள் மாடிக்கு ஓடியிருக்கும். பந்தல்காரர் ஒருவர் என் நம்பரை எங்கிருந்தோ வாங்கி, "நாளைக்கு ஒரு மஞ்சத்தண்ணி ஃபங்ஷன் இருக்குதுங்க. தகரம் போடணுமா, துணியே போதுமா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் இதையெல்லாம் நம்பமாட்டார். "மழைக்கும் மண்டைக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் உன் மனசுதான்" என்பார். ஆனால் பைக்கைக் கழுவுவதற்கு முன்னால் அவரும் என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். நல்ல கூத்து!

இந்த நிலைமையில் அக்கா மாடி கட்ட ஆரம்பித்தார். தை மாதம் மகனுக்குக் கல்யாணம். மருமகள் மாடியில்தான் குடிவர வேண்டும். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஈரத் தளத்தில் மழை விழுந்தால் சிமெண்ட் பால் எல்லாம் ஓடிவிடும் என்று மேஸ்திரி பயமுறுத்தி வைத்திருந்தார். அக்கா நேராக என் வீட்டுக்கு வந்து என் தலைவலி மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தளம் போடற வரைக்கும் இது என்கிட்டயே இருக்கட்டும்மா. நீ பாட்டுக்கு முழுங்கிட்டா மழை வருதா இல்லையானு எனக்கு எப்டி தெரியும்?"

குடியிருப்பவள் என்ன சொல்ல முடியும்? அட்டை அவருடைய பூஜை அலமாரிக்குப் போனது.

தளம் போடும் நாள் விடிந்தபோது என் தலை விண்ணென்று தெறித்தது. வாசலில் கலவை மிஷின், ஜல்லி, ஆட்கள் எல்லாம் வந்தாயிற்று. எதிரே அண்ணாமலையார் மலை உச்சிவரை துடைத்து வைத்த மாதிரி தெரிந்தது. ஜன்னலில் அக்கா.

"வலிக்குதா?"

அத்தனை பேரையும் பார்த்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "வலிக்குதுக்கா. ரொம்ப."

அக்கா திரும்பிப் போய் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டார். மேஸ்திரி குதித்தார். "மலைய பாருங்கம்மா! மேல ஒரு பொட்டு மேகம் இருக்குதா?" மகன் போனை நீட்டினான். "அம்மா, இதுல வெயில்னுதான் காட்டுது."

"போனுக்கு வலிக்குதா?" என்றார் அக்கா. ஆட்கள் கலைந்து போனார்கள்.

மழை வரவில்லை. மதியம் தாண்டியும் வரவில்லை. நான் தலையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று வானத்தையே பார்த்தேன். அண்ணாமலையாரே, ஒரு தூறலாவது போடுப்பா, மானம் போகிறதே! என் வீட்டுக்காரருக்கே பாவமாகிவிட்டது. செங்கத்தில் இருக்கும் நண்பருக்குப் போன் செய்து, "அங்கயாச்சும் தூறுதா?" என்று கேட்டார். அங்கேயும் சுள்ளென்று வெயிலாம். பந்தல்காரர் போன் செய்து, "என்னங்க, தலை ரிப்பேரா? உங்களுக்கு வலிக்குதுன்னு கேள்விப்பட்டு இன்னிக்கும் தகரம் போட்டுட்டேன்" என்று கோபித்துக்கொண்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அக்கா வந்தார். வீட்டைக் காலிபண்ணச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். "மன்னிச்சுடுங்கக்கா, மழை வரல" என்றேன்.

அவர் மாத்திரை அட்டையை நீட்டினார். அதற்கும் குங்குமம் வைத்திருந்தார். "மழை வரலன்னா போவுது. உனக்கு வலிச்சது வலிச்சதுதானே? முதல்ல இத போடு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில், எத்தனை டாக்டர், எத்தனை சொந்தம், ஒருவராவது இப்படிச் சொன்னதுண்டா? மழை வந்தால்தான் என் வலி நிஜம் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். அக்கா பதறிப்போனார். "அய்ய, அழுவாதம்மா, இன்னும் ஜாஸ்தியாயிடும்!"

அந்த வாரமே, என் தலை தெளிவாக இருந்த ஒரு நாளில், தளம் போட்டு முடித்தார்கள். மறுநாள் காலை அக்கா மறுபடியும் ஜன்னலில்.

"ஏம்மா, இன்னிக்கு லேசா கூட வலிக்கலையா?"

"ஏன்க்கா?"

"தளம் இறுகறதுக்கு மேல பாத்தி கட்டி தண்ணி நிறுத்தணும். மோட்டார் வேற ரிப்பேரு. ஒரு மழை பெஞ்சா நல்லா இருக்கும்."

சுர்ரென்று கோபம் ஏறியது. பிறகு அவர் கையில் இருந்த காலிக் குடத்தைப் பார்த்தேன். இடது பொட்டைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் அழுத்தியும் பார்த்தேன்.

"இல்லக்கா" என்றேன். சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருந்தது.