நான்காவது பெட்டி தந்த லாபம்

ஒரு கம்பெனி தன் வேலையைச் செய்யாமலேயே லாபம் காட்ட முடியுமா? முடியாது என்றுதானே நினைக்கிறீர்கள்? போர்ட் பிளேரில் சொக்கலிங்கமும் அப்படித்தான் நினைத்தார்.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் கப்பலேறி வந்தவர் அவர். கப்பல்கள் வந்து நிற்கும் ஜெட்டியில் சரக்குக் குமாஸ்தா. அரிசியோ சிமெண்டோ ஆஸ்பத்திரிச் சாமானோ, எது வந்து இறங்கினாலும் அவர் எண்ணிப் பார்த்து, 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டால்தான் ஜெட்டியை விட்டு நகரும். மின்னி பே என்ற பகுதியில் தகரக் கூரை போட்ட சர்க்கார் குவார்ட்டர்ஸ். பிள்ளைகள் இல்லை. மனைவி நீலாவதி மட்டும்.

அறுபத்தாறு மழைக்காலத்தில் நீலாவதிக்கு இருமல் வந்தது. ஆறு மாதமாகியும் போகவில்லை. டாக்டர் சளியைச் சோதித்தார், ஒன்றும் தெரியவில்லை.

"நெஞ்சைப் படம் எடுத்தாத்தான் என்ன வியாதின்னு சொல்ல முடியும். இங்க இருக்கிற மெஷின் கெட்டு ரெண்டு வருஷமாச்சு. மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

போக, வர, தங்க என்று அறுநூறு ரூபாய் சேர்த்தார் சொக்கலிங்கம். டிக்கெட் எடுக்கப் போகிற வாரத்தில் பாலசுப்பிரமணியம் வீட்டுக்கு வந்தார். அபர்தீன் பஜாரில் கடை வைத்திருப்பவர். கூடவே இன்ஷூரன்ஸும் பங்கு விற்பனையும். மெட்ராஸில் கதிரொளி மருத்துவக் கருவிகள் என்றொரு கம்பெனி இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே மெஷின் செய்து கொடுக்கும் கான்ட்ராக்ட் அதனிடம் இருக்கிறது, இந்தத் தீவுக்கான ஆர்டரும் அதற்குத்தான் என்றார்.

"அண்ணே, வாங்குறது யாரு? சர்க்கார். சர்க்கார் என்னிக்காவது திவாலாகுமா?"

"இது அவளைக் கூட்டிட்டுப் போக வச்ச காசுப்பா."

"எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க? மெஷினே இங்க வருது. அண்ணியைக் கப்பல்ல ஏத்தி நாலு நாள் வாந்தி எடுக்க வைக்கணுமா? இங்கயே படம் எடுத்துக்கட்டும். காசும் வளரட்டும்."

உப்பிலிருந்து லாந்தர்த் திரி வரை கப்பலில் வந்தால்தான் உண்டு என்கிற ஊர் அது. சர்க்கார் முத்திரை குத்திய பெட்டியில் வருவதையெல்லாம் சர்க்காராகவே நம்பப் பழகியவர்கள் அங்கிருந்தவர்கள். சொக்கலிங்கம் அந்த அறுநூறு ரூபாய்க்கும் அறுபது பங்குகள் வாங்கினார்.

"என்னங்க, நாமளும் மொதலாளி ஆயிட்டோமா?" என்று நீலாவதி சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மூச்சு வாங்கியபடியே, "மொதலாளியம்மா நெஞ்சைத்தான் மொதல்ல படம் புடிக்கணும்னு உங்க கம்பெனிக்கு எழுதிப் போடுங்க" என்றாள்.

மெஷின் வர ஒன்பது மாதமாயிற்று. ஆறு பெட்டிகள். நான்காவதைத் தூக்கிய ஜெட்டிக் கூலி அப்பாராவ் நின்றுவிட்டான்.

"பாபு, அந்தர் மே கண்ணாடி டூட் கயா, உடைஞ்சு போச்சு. கலகலன்னு கேக்குது பாருங்க. வாபஸ் அனுப்பிடுங்க."

சொக்கலிங்கத்துக்கும் கேட்டது. வெளியே ஒரு கீறல் இல்லை. ஆனால் தீவுக்காரர்கள் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. திருப்பி அனுப்பியது மறுபடி வர ஒரு வருஷம் ஆகும். ஓட்டையோ உடைசலோ, வாங்கி வைத்துக்கொண்டு இங்கேயே ஒட்டுப் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். அவர் மனதில் இன்னொன்றும் ஓடியது: 'சேதம்' என்று எழுதினால் கம்பெனிக்குப் பணம் போகாது, அறுபது பங்கும் விழும்.

"ஆணி ஏதாவது கழண்டிருக்கும். சலோ, ஏத்து" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் பெட்டியைத் திறந்தார்கள். கதிரை உண்டாக்கும் கண்ணாடிக் குழாய் தூள் தூளாகக் கிடந்தது. அது இல்லாவிட்டால் மற்ற ஐந்து பெட்டியும் வெறும் இரும்பு. குழாய் கேட்டு எழுதிய கடிதத்துக்குக் கம்பெனி இரண்டே வரியில் பதில் போட்டது: 'நல்ல நிலையில் பெறப்பட்டதாகத் தங்கள் குமாஸ்தாவே கையெழுத்திட்டுள்ளார். புதிய குழாய்க்குத் தனி ஆர்டர் அனுப்பவும்.'

கான்ட்ராக்டின்படி அது சரிதான். ஜெட்டியில் கையெழுத்து விழுந்ததும் முழுப் பணமும் கொடுக்க வேண்டும். மெஷின் ஒரு படமாவது எடுக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. வைக்கோல் கூடச் சரியாகத் திணிக்காமல் கண்ணாடியைக் கடலில் அனுப்பியவனைக் கேள்வி கேட்கவும் அதில் இடமில்லை. படித்தவர்கள், பெரிய சம்பளக்காரர்கள், மேசையில் உட்கார்ந்து எழுதிய கான்ட்ராக்ட் அது.

பங்குகளை விற்றுத் தரும்படி சொக்கலிங்கம் எழுதினார். போகிற கப்பல், வருகிற கப்பல் என்று நான்கு மாதம் போயிற்று. பணம் வந்தபாடில்லை. கடன் வாங்கி டிக்கெட் எடுத்து நீலாவதியை ஜெட்டிக்குக் கொண்டுபோனார். அப்போது அவள் ரத்தமாகத் துப்பிக்கொண்டிருந்தாள். கப்பல் டாக்டர் ஏற்ற மறுத்துவிட்டார்.

திரும்பி வந்து படுக்க வைத்தபோது எல்லாவற்றையும் சொன்னார்.

"சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டுமா போட்டீங்க?"

அறுபத்தெட்டு ஆடி மாதம் அவள் இறந்தாள். என்ன வியாதி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். விதி எந்தக் கான்ட்ராக்டையும் எழுதவில்லை. எழுதியவர்களுக்குப் பெயரும் பதவியும் உண்டு.

இரண்டு கப்பல் கழித்துக் கம்பெனியின் ஆண்டறிக்கை வந்தது. 'அந்தமான் ஆர்டர் வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது. பங்குதாரர்களுக்குப் பன்னிரண்டு சதவீதம்.' கூடவே எழுபத்திரண்டு ரூபாய்க்கு ஒரு செக்.

சொக்கலிங்கம் உட்கார்ந்து சர்க்காருக்கு ஒரு மனு எழுதினார். சத்தம் கேட்டும் பொய்க் கையெழுத்துப் போட்டேன், என்னைத் தண்டியுங்கள். படம் எடுக்காத மெஷினுக்குப் பணம் கொடுக்கும் இந்தக் கான்ட்ராக்டையும் விசாரியுங்கள் என்று. ஊரில் அந்தக் கம்பெனியின் பங்கு வைத்திருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். வீடு வீடாகப் போனார்.

"போனவங்க போயிட்டாங்க அண்ணே" என்றார் பாலசுப்பிரமணியம். "அடுத்த ஆர்டர் கார் நிக்கோபார் தீவுக்கு வந்திருக்கு. இப்பப் போயி மனு கினுன்னு கெடுத்துடாதீங்க."

ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. மனு சொக்கலிங்கத்தின் ஒற்றைக் கையெழுத்தோடு கிடக்கிறது. அதை அனுப்பினால் அவருக்கு வேலை போய்விடும். அது தெரிந்தும் அவர் மனுவைக் கிழித்துப் போடவில்லை.

மெட்ராஸில் நிக்கோபாருக்கான பெட்டிகளுக்கு இந்நேரம் ஆணி அடித்துக்கொண்டிருப்பார்கள். கதிரொளியின் பங்கு உங்களிடம் இருந்தால், அது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் சரி, உங்கள் பெயரையும் பங்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, அந்த மனுவோடு சேர்ப்பதற்காக, சொக்கலிங்கம், சரக்குக் குமாஸ்தா, ஜெட்டி, போர்ட் பிளேர் என்ற விலாசத்துக்கு அனுப்புங்கள். கப்பல் புறப்படுவதற்கு முன் தபாலில் சேருங்கள்.