சுவரோரம் விடாத அரை இன்ச்

வெர்லின் ஹாக்ஸ்டாடுக்கு மேப்பிள் மர மில்லுல பலகை தரம் பிரிக்கிற வேலை. முப்பத்தோரு வருஷமா அதே வேலை. பலகைய விரல் முட்டியால ஒரு தட்டு தட்டுவாரு, காத வச்சுக் கேப்பாரு, "ரெண்டாம் தரம், ஓரமாப் போடு"ன்னுவாரு. டாக்டர்கூட மனுஷன் நெஞ்ச அவ்ளோ கவனமாத் தட்டிப் பாக்க மாட்டாரு. ஊர்ல இருக்கிற ஆளுங்களையும் அப்படித்தான் மனசுக்குள்ள பிரிச்சு வச்சிருந்தாரு. முதல் தரத்துல ஒரே ஆளு, சம்சாரம் ஆர்டிஸ். அத அவகிட்ட ஒருநாளும் சொன்னதில்ல, அது வேற.

அப்பேர்ப்பட்டவரு ஜூலை மாசத்துல பத்து நாளா தன் வீட்டுத் தரையப் பாத்து நடுங்கிட்டு இருந்தாரு.

மொதல்ல குளியலறைக்குப் போற நடையில 'டிக்'னு ஒரு சத்தம். அப்புறம் யாரோ பல்லக் கடிக்கிற மாதிரி 'கிர்ர்க்'.

"என்னது அது?"ன்னு ஆர்டிஸ் காப்பிய உறிஞ்சிக்கிட்டே கேட்டா.

"வீடு சோம்பல் முறிக்குது."

"பரவால்லியே, உன்னவிட வீடு சுறுசுறுப்பு."

சிரிச்சாரு. கண்ணு மட்டும் தரையிலயே இருந்துச்சு. ஏன்னா அந்தச் சத்தம் என்னன்னு அவருக்கு நல்லாவே தெரியும்.

பிப்ரவரியில தரைப்பலகை வாங்கப் போனப்பவே கடைக்காரி ரோண்டா மூக்கால இழுத்து இழுத்துச் சொன்னா. "வெர்லீன்ன்... உன் வீட்டுக்கு அடியில நெலவறை கெடையாது. கான்கிரீட்டு நேரா மண்ணு மேல உக்காந்திருக்கு. எதுத்தாப்ல அவ்ளோ பெரிய ஏரி. பேசாம அடுக்குப்பலகை போடு. மேல நெஜ மரம், அடியில குறுக்கும் நெடுக்குமா ஒட்டுன அடுக்கு. ஈரம் வந்தாலும் அது பாட்டுக்குக் கெடக்கும்."

வெர்லின் அவ நீட்டுன அடுக்குப்பலகைத் துண்டத் தட்டினாரு, காதுல வச்சாரு. "இது மரமில்ல ரோண்டா, சாண்ட்விச்."

"எனக்குச் சாண்ட்விச்சே போதும்"னா பக்கத்துல நின்ன ஆர்டிஸ்.

"வீட்டுக்கா, வயித்துக்கா?"

ரோண்டா விடல. "சரிப்பா, முழுப்பலகையே போட்டுத் தொலை. ஆனா மூணு வாரம் வீட்டுக்குள்ள அடுக்கி வச்சு அந்தக் காத்துக்குப் பழகவிடு. சுவரோரம் சுத்தி அரை இன்ச் இடைவெளி விடு. கோடை மழை ஈரத்துல மரம் ஊதிக் குண்டாகும்."

"எனக்கே மரத்தப் பத்திப் பாடமா?"

மில்லுலேர்ந்து தானே தட்டிப் பொறுக்கின முழு மேப்பிளக் கொண்டாந்தாரு. ராத்திரி பகலா எரியுற வெறகு அடுப்புக்குப் பக்கத்துல ரெண்டே நாள் அடுக்கி வச்சாரு. பலகை அப்பளமாக் காஞ்சுபோச்சு. அத அப்படியே இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவரு வரைக்கும் இறுக்கி அடிச்சிட்டாரு. வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் வேடிக்கை காட்டுவாரு. சுவரோரம் ஒரு சீட்டுக்கட்டுச் சீட்ட வச்சு, "நொழையுதா பாரு? நொழையாது!" அந்தப் பெருமையோட வீட்டு உள்கதவு மூணையும் தடியான மேப்பிள்லயே செஞ்சு மாட்டினாரு.

ஜூலையில மழை புடிச்சுது. ஏரியிலேர்ந்து மூடுபனி எழும்பி வீட்டுக்குள்ள ஈரத் துணி மாதிரி தொங்குச்சு. நடையில வெறுங்கால வச்சா பலகையோட ஓரமெல்லாம் தட்டுப்பட்டுச்சு. மறுநாள் நடுவுல ஒரு மேடு. வெர்லின் அது மேல ஒரு கம்பளத்தப் போட்டு மூடினாரு.

"இது எதுக்கு?"

"உனக்குக் கால் சில்லுனு இருக்குமேன்னு."

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழிச்சு என் கால் மேல அக்கறையா! ஏதோ தப்பு பண்ணியிருக்க நீ."

சொல்லிடலாமான்னு வாயத் தொறந்தாரு. தொறந்த வாய்ல மான்கறி சாசேஜத் திணிச்சிக்கிட்டாரு.

சனிக்கிழமை மத்தியானம் ஆர்டிஸ் குளியலறைக்குள்ள இருந்தா. மான் வேட்டை சீசன்ல காது பக்கத்துலயே சுட்ட மாதிரி 'டமார்!' வெர்லின் ஓடி வந்தாரு. நடைத்தரை கூடாரம் மாதிரி எழும்பி, கம்பளத்தையும் தூக்கிக்கிட்டு, குளியலறைக் கதவு மேல சாஞ்சு நின்னுச்சு. வெளிப்பக்கமாத் தொறக்குற கதவு. உள்ள ஜன்னல் கெடையாது.

"வெர்லின்? கதவு தொறக்கல."

"தள்ளு!"

"தள்ளிட்டுத்தான் இருக்கேன். என்னா வெடிச்சுது?"

"தரை."

அப்புறம் உள்ளேர்ந்து மூச்சு வாங்குற சத்தம். விசிலடிக்கிற மாதிரி, மெல்லிசா. அந்த விசில் வந்தா அவளுக்கு ஆஸ்துமா முத்துதுன்னு அவருக்குத் தெரியும். அவளோட இன்ஹேலரு சமையலறை மேடையில உக்காந்திருந்துச்சு. எடுத்துட்டு ஓடி வந்து கதவுக்கு அடியில தள்ளப் பாத்தாரு. முன்னாடி ரெண்டு விரல் போற எடம். இப்ப ஒரு சீட்டுகூட நொழையாது.

கதவ உதைச்சாரு. முழு மேப்பிள், வலிச்சது கால்தான். கீல் ஆணியச் சுத்தியலால தட்டினாரு. தரை நெட்டித் தள்ளுற வேகத்துல அது ஒரு நூல்கூட அசையல.

"ஆர்டி! மெதுவா மூச்சு விடு! பேசாத!"

"நான்... பேசலன்னா... நீ செத்துருவியே."

மின் ரம்பத்த எடுத்தாந்தாரு. தரையோட இறுக்கம் விடட்டும்னு, நடையோட அந்தப்பக்கச் சுவருக்கு எவ்ளோ கிட்டப் போக முடியுமோ அவ்ளோ கிட்ட வச்சு அறுத்தாரு. தான் தட்டித் தட்டிப் பொறுக்கின முதல் தரத்த. ரம்பச் சத்தத்துல உள்ள விசில் கேக்குதா நின்னுருச்சான்னே தெரியல. பாதியில ரம்பத்த நிறுத்திட்டு, பலகையத் தட்டிக் கேக்குற அதே காதக் கதவுல ஒட்ட வச்சாரு. கேட்டுச்சு. ரொம்ப மெல்லிசா. திரும்ப அறுத்தாரு. 'டொம்'முனு தரை கீழ எறங்குச்சு. கடப்பாரையக் குடுத்து நெம்பினாரு. கதவு ஒரு ஆள் நொழையுற அளவு விரிஞ்சுது.

ஆர்டிஸ் கை கழுவுற தொட்டியப் புடிச்சிக்கிட்டு நின்னா. உதடு நீலம். மருந்த ரெண்டு தடவை உறிஞ்சினா. மூணாவது மூச்சுலதான் கண்ணத் தொறந்தா.

"இந்த வீட்ல இன்னும் எங்கெல்லாம் இடைவெளி விடல?"

"எங்கயுமே விடல."

அவள அலக்காத் தூக்கிட்டுப் போய் வாசல் தாழ்வாரத்துல நாற்காலியில உக்கார வச்சாரு. இன்ஹேலர ஒரு கயித்துல கட்டி அவ கழுத்துல மாட்டினாரு. மழை விடல. உள்ள போய் ஒவ்வொரு ரூமா, சுவரோரம் சுத்தி அறுக்க ஆரம்பிச்சாரு. நாலடிக்கு ஒருதரம் ரம்பத்த நிறுத்துவாரு.

"ஆர்டி?"

"இருக்கேன். அறு."

அந்தக் குரல் வந்தாத்தான் விசைய அழுத்துவாரு.